கைமாற்று நாட்கள்

ஊருக்கெல்லாம் லீவு என்றால் எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. விடுமுறை என்று அறிவிப்பு வந்ததும் மற்ற வீடுகளில் பிள்ளைகள் குதிப்பார்கள், நாங்கள் தலையில் கை வைத்துக்கொள்வோம். காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. லீவு விட்டால் ஜனங்கள் ஹோட்டலில் ரூம் போடுவார்கள். ரூம் போட்டால் படுத்துப் புரளுவார்கள். அவர்கள் புரண்ட பெட்ஷீட், அழுக்காக்கிய தலையணை உறை, முகம் துடைத்து மூலையில் எறிந்த துண்டு எல்லாம் மூட்டை மூட்டையாக வண்டியில் வந்து இறங்குகிற இடம் எங்கள் லாண்டரி. பெரிய பெரிய ஹோட்டல்களுக்கெல்லாம் நாங்கள்தான் துவைக்கிறோம். அவர்கள் காலை நீட்டிப் படுக்க வேண்டுமென்றால் நாங்கள் கால் கடுக்க நிற்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது என் கதையை இல்லை. என் கதையில் என்ன இருக்கிறது, வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்கு நுனியில் நிற்கும், அதனால் எல்லோரும் மிளகாய் என்று கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். சொல்ல வந்தது எனக்கு எதிரே நிற்கிற அக்காவைப் பற்றி.

எதிரே என்றால், பெட்ஷீட்டின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்கா. துவைத்துப் பிழிந்த ஷீட்டை இரண்டு பேர் சூடான ரோலருக்குள் கொடுப்பார்கள். அது மறுபக்கம் சுருக்கமில்லாமல், கையைச் சுடுகிற சூட்டோடு வெளியே வரும். அங்கே இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, பின்னால் நகர்ந்து, ஒரு உதறு உதறி, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து மடிக்க வேண்டும். அந்த மடிக்கிற ஜோடிதான் நாங்கள். ரோலர் போடுகிற இரைச்சலில் தள்ளி நின்று பேசினால் ஒரு எழுத்தும் கேட்காது. அதனால் முனையும் முனையும் சேருகிற நேரத்தில்தான் பேச்சு. ஒரு ஷீட்டுக்கு ஒரு வாக்கியம், மிஞ்சிப் போனால் இரண்டு. அக்காவின் குடும்பக் கதை முழுக்க நான் அப்படித்தான் கேட்டேன்.

லாண்டரியில் அக்காவுக்கு வைத்த பேர் பேங்க். பணம் கொடுத்து வாங்குகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம், அக்கா கையிலும் எங்களைப் போலவே மாதக் கடைசியில் ஒன்றும் இருக்காது. அவர் கொடுத்தது நாட்களை.

சம்பளத்தோடு லீவு என்று சட்டத்தில் இருக்கிறதாம். இருக்கட்டும், நல்லது. போய்க் கேட்டால் "இப்ப சீசன் நேரம்மா" என்பார்கள். சீசன் இல்லாத மாதம் ஒன்றை நான் இந்த லாண்டரியில் பார்த்ததே இல்லை. எடுக்காத லீவு வருஷம் முடிந்தால் செத்துப் போகும். பாய்லர் பழுதாகி லாண்டரியை மூடினால் அந்த நாளையும் எங்கள் லீவிலேயே கழிப்பார்கள். பாய்லருக்குக் காய்ச்சல் வந்தால் மருந்துச் செலவு எங்களுடையது. பொது விடுமுறை அன்றைக்கும் யாரோ ஒருசிலருக்குத்தான் முறை வைத்து ஓய்வு, மற்றவர்கள் எல்லாம் வந்தாக வேண்டும்.

அதனால் நாங்களே எங்களுக்குள் ஒரு வழி செய்து வைத்திருந்தோம். பழைய சூப்பர்வைசர் ஒரு தங்கமான மனிதர், தலையை எண்ணுவாரே தவிர முகத்தைப் பார்க்க மாட்டார். இத்தனை பேர் நிற்க வேண்டும், நிற்கிறார்களா, சரி, தீர்ந்தது. என் பிள்ளைக்குக் காது வலி என்றால், அன்றைக்கு ஓய்வில் இருக்கிற ஒருத்தி வந்து என் இடத்தில் நிற்பாள். நான் வந்ததாகவே பதிவாகும், சம்பளம் பிடிக்க மாட்டார்கள். பிறகு அவளுக்கு ஒரு நாள் தேவைப்படும்போது நான் போய் நிற்க வேண்டும். காசைக் கைமாற்று வாங்குவது போல நாங்கள் நாளைக் கைமாற்று வாங்கிக்கொண்டோம். எழுத்து கிழுத்து எதுவும் கிடையாது, வாய்ச்சொல்தான். யாரும் யாரையும் ஏமாற்றியதில்லை.

எல்லோரும் கொடுப்போம், வாங்குவோம். அக்கா மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தார். யாருக்காவது அவசரம் என்றால் நேரே அக்காவிடம் வந்து "பேங்க் திறந்திருக்கா?" என்று கேட்பார்கள். அக்கா சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். பிள்ளைப்பேறு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாமியார் சண்டை என்று எதற்குக் கேட்டாலும் கிடைக்கும். தன் ஓய்வு நாளையெல்லாம் அடுத்தவர் இடத்தில் வந்து நின்று தீர்த்தார். ரோலருக்குத் துணி கொடுக்கிற இருவரும், துண்டு அடுக்குகிறவர்களும், மெஷின்காரரும், ஏன், இங்கேயே கூட்டிப் பெருக்குகிற வாசல் காவலாளியின் மனைவியும் அக்காவுக்கு நாள் பாக்கி. நானும்தான்.

"எதுக்குக்கா இப்படிச் சேர்த்து வைக்கிறீங்க? போகும்போது கட்டிக்கிட்டுப் போகப் போறீங்களா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

அடுத்த ஷீட்டில் பதில் வந்தது. "உங்க மாமா வரும்போது மொத்தமா எடுக்கப் போறேன்டி."

மாமா என்பது அக்காவின் வீட்டுக்காரர். கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அவரும் தனியார் கம்பெனிதான், நம்மைப் போலவே வாயில்லாப் பூச்சி. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சம்பளத்தோடு ஒரு மாத லீவு. எந்த மாதம் என்பதைக் கம்பெனிதான் சொல்லும். ஒரே மகள், அவள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆக, வீட்டில் அக்கா மட்டும்தான்.

போன தடவை அவர் வந்தபோது அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் எழுந்திருக்கும்போது அக்கா லாண்டரியில் இருப்பார். அக்கா கால் வீங்கி வீட்டுக்கு வரும்போது அவர் சமைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பார். சாப்பிட்டுக்கொண்டே அக்கா தூங்கி விழுவார். பொழுது போகாமல் அந்த மனிதர் வீட்டுச் சுவருக்கெல்லாம் வெள்ளையடித்து, கதவுக்குப் பெயிண்ட் அடித்து, ஒழுகுகிற குழாயைச் சரி செய்துவிட்டு, மாதம் முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"அவரு வந்துட்டுப் போனது செவுத்துக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது," என்றார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"இந்தத் தடவை வந்தா என்ன பண்ணப் போறீங்க? ஊர் சுத்தப் போறீங்களா?"

"ஊரெல்லாம் என்னத்துக்கு? ரெண்டு பேரும் ஒரே நேரத்துல முழிச்சிருக்கணும். அது போதும்."

"அடேங்கப்பா, பேராசைதான்!" என்று நான் கிண்டல் செய்தேன். அக்கா வெட்கப்பட்டு ஷீட்டின் முனையால் என் கையில் ஒரு தட்டு தட்டினார்.

அந்த ஆசைக்காகத்தான் அவ்வளவு நாளையும் சேர்த்தார். ஒரு மாதத்துக்கு வேண்டியதற்கு மேலேயே சேர்ந்துவிட்டது. யார் எந்த நாளில் அக்கா இடத்தில் வந்து நிற்பது என்று நாங்கள் எல்லோரும் அடித்துக்கொண்டோம். "முதல் நாள் நான்", "இல்ல, கடைசி நாள் எனக்கு" என்று ஒரே ரகளை. மாமாவுக்கு லீவு எந்த மாதம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அக்கா அந்த வாரம் முழுக்க ரோலர் இரைச்சலையும் மீறிப் பாடிக்கொண்டே மடித்தார். குரல் சுமார்தான். ஆனாலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் பழைய சூப்பர்வைசர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அவர் நாற்காலிக்கு ஆள் வரவில்லை, ஒரு மெஷின் வந்தது. வாசலில் சுவரில் மாட்டினார்கள், கை அகலத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி. காலையில் விரல் வைக்க வேண்டும், மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, சாப்பிட்டு வந்து ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. வைத்தது யார், எப்போது என்று அது நேராகத் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிவிடும். எங்கள் விரல்களோ சூட்டுத் துணியைத் தடவித் தடவி ரேகையெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. பாதிப் பேருக்கு அது "மறுபடியும் முயலவும்" என்று பெண் குரலில் சொல்லும். விரலைத் தலைமுடியில் தேய்த்து, ஊதி, துடைத்து, மறுபடியும் வைப்போம். வேலைக்கு வந்தவளை வரவில்லை என்று சொல்கிற மெஷினை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முதல் நாள் அதைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் துண்டு அடுக்குகிற பெண் மெதுவாகக் கேட்டாள், "அப்ப இனிமே ஒருத்தருக்குப் பதிலா ஒருத்தர் எப்படி நிக்கிறது?"

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடினார்.

என்னால் சும்மா இருக்க முடியுமா? கை கழுவாமலேயே மேனேஜர் அறைக்குப் போனேன். என் பின்னால் ஒரு பட்டாளமே வந்தது. மேனேஜர் சின்ன வயசுக்காரர், எப்போது பார்த்தாலும் தூக்கம் வராதவர் முகம். நான் எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாங்கள் எல்லோரும் இவருக்கு நாள் பாக்கி வைத்திருக்கிறோம், அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், அது முடிகிறவரைக்குமாவது இந்தப் பெட்டியைக் கழற்றி வையுங்கள் என்றேன்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"மெதுவா பேசுங்க. நீங்க சொல்றது என்னன்னு உங்களுக்குத் தெரியுதா? பதிவுப்படி உங்கள்ல யாரும் ஒரு நாள் கூட லீவு எடுக்கல. இவங்களும் கூடுதலா ஒரு நாள் கூட வரல. வராதவங்களை வந்ததா போட்டோம்னு நீங்களே சொன்னா, அது பொய் வருகை. மேல தெரிஞ்சா வந்தவங்க, வராதவங்க எல்லாரையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்புவாங்க. ஓய்வு பெற்றுப் போன அந்தப் பெரியவரையும் விட மாட்டாங்க."

"அப்ப அக்கா சேர்த்த நாள்?"

"அப்படி ஒண்ணு இல்லவே இல்லம்மா. நான் என்ன பண்ண?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இல்லவே இல்லையா? என் பிள்ளைக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்கு இங்க வந்து நின்னது யாரு, உங்க பாய்லரா?" என்று ஆரம்பித்தேன். அதற்குள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுடி. வேணாம்."

"என்னக்கா வேணாம்?"

"என் ஒருத்திக்காக எல்லாரும் நடுத்தெருவுல நிக்கணுமா? பேசாம வா."

கேட்டுப் பெற்றால் எங்கள் பிழைப்பு போகும், கேட்காவிட்டால் அவர் நாட்கள் போகும். அப்படி ஒரு இடத்தில் எங்களைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது அந்தக் கறுப்புப் பெட்டி. வெளியே வரும்போது மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "என்னை முறைக்காதீங்க. நேத்து காய்ச்சலோடதான் வந்தேன். என் விரலும் அதுலதான் இருக்கு," என்றார். அவரைத் திட்டலாம் என்று சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் வீணாய்ப் போனது.

அக்காவுக்குச் சொந்தமாக இருந்த லீவைப் பாய்லர் சாப்பிட்டிருந்தது. சம்பளமில்லாமல் ஒரு மாதம் வராமல் இருந்தால் பேரை அடித்துவிட்டுத் தற்காலிக ஆளாகத்தான் திரும்ப எடுப்பார்கள். நிரந்தரம் ஆவதற்கு அக்கா எத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார் என்று எனக்குத் தெரியும். மகள் படிப்பு வேறு பாதியில் இருக்கிறது. அக்கா அன்றைக்குப் பாடவில்லை. ஷீட்டை மட்டும் மடித்தார்.

மாமா வந்தார். கட்டுமஸ்தான ஆள், ஆனால் பேச்சு பூனை மாதிரி இருக்கும். வந்த நாளிலிருந்து தினமும் மத்தியானம் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு லாண்டரி வாசலுக்கு வந்தார். உள்ளே வெளியாட்களை விட மாட்டார்கள். இரண்டு பேரும் வாசல் படியில் உட்கார்ந்து அவசர அவசரமாகச் சாப்பிடுவார்கள். சாப்பாட்டு நேரம் எவ்வளவு என்று அந்த மெஷினுக்குத் தெரியும் அல்லவா, அக்கா கடைசிக் கவளத்தை மென்றுகொண்டே விரல் வைக்க ஓடி வருவார். அவர் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவார். இந்தத் தடவை வெள்ளையடிக்கவும் சுவரில் இடம் இல்லை.

அந்த நேரம் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டிருந்தார்கள். ஹோட்டல்கள் நிரம்பி வழிந்தன. மூட்டைகள் கூரையைத் தொட்டன. வாசலில் தினக்கூலிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தற்காலிக ஆளுக்கு மெஷினும் கிடையாது, லீவும் கிடையாது, தலையை எண்ணிக்கொண்டு உள்ளே விடுவார்கள். ஒருநாள் ஆள் குறைந்துவிட்டது. மேனேஜர் வாசலில் நின்று, "இன்னும் ஒரு ஆள் வேணும், யாராவது வர்றீங்களா?" என்று கத்தினார்.

படியில் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்த மாமா கையைத் தூக்கினார்.

"ஐயோ, உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று அக்கா பதறினார். "ஓய்வெடுக்க வந்துட்டு இந்த வெக்கையில நிக்கப் போறீங்களா?"

"வீட்டுல உட்கார்ந்து நான் யார் முகத்தைப் பார்க்கிறது?" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார்.

நான் என் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு ரோலருக்குத் துணி கொடுக்கிற பக்கம் போனேன். ஷீட்டின் இந்தப் பக்கம் மாமா, அந்தப் பக்கம் அக்கா. டன் கணக்கில் பெட்டிகளைத் தூக்கிக் கப்பலில் வைக்கிற மனிதருக்குப் பெட்ஷீட்டின் முனையைச் சேர்க்கத் தெரியவில்லை. சூட்டில் கையை உதறினார். ஒரு பக்கம் நீட்டி ஒரு பக்கம் குட்டையாகக் கோணல் மாணலாக மடித்தார். அக்கா பிரித்து மறுபடியும் மடிக்க வைத்தார். "கிரேன் ஓட்டுறவருக்கு லைசென்ஸ் யாரு குடுத்தாங்க?" என்று நான் இந்தப் பக்கத்திலிருந்து கத்தினேன். லாண்டரியே சிரித்தது.

"சம்பளத்தோட லீவு வாங்கிட்டு வந்து கூலிக்கு நிக்கிற ஒரே ஆளு நீங்கதான் மாமா," என்றேன்.

"உங்க அக்கா எனக்கு வேற வழி வைக்கலையேம்மா," என்றார்.

இரண்டு நாளில் கைப்பழக்கம் வந்துவிட்டது. பின்னால் நகர்வார்கள், உதறுவார்கள், ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வருவார்கள். முனை சேரும்போது ஏதோ பேசிக்கொள்வார்கள். ஒரு ஷீட்டுக்கு ஒரு வாக்கியம். பிறகு அக்கா சிரிப்பார், இல்லை அவர் சிரிப்பார், மறுபடியும் விலகிப் போவார்கள், அடுத்த ஷீட் வரும். சாயங்காலம் வரைக்கும் இதேதான். இரண்டு வருஷம் காத்திருந்ததற்கு இவர்களுக்குக் கிடைத்தது இதுதானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது, கூடவே அழுகையும் வந்தது. ரோலர் ஆவியில் எல்லோர் முகமும் ஈரமாகத்தான் இருக்கும், அதனால் யாருக்கும் தெரியவில்லை.

அக்காவுக்கு வார ஓய்வு வந்தது. இரண்டு பேரும் அன்றைக்காவது வீட்டில் இருப்பார்கள் என்று நான் நினைத்தேன். முந்தின நாள் சாயங்காலம் மேனேஜர் தற்காலிக ஆட்களிடம், நிரந்தர ஆட்கள் ஓய்வில் இருக்கும் நாளில்தான் நீங்கள் கட்டாயம் வேண்டும், வராவிட்டால் மறுநாளிலிருந்து வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். மாமா அந்த ஒரு நாள் வராவிட்டால் மீதி நாளெல்லாம் மறுபடியும் வாசல் படியோடு சரி. யோசித்தார்கள், வேறு என்ன செய்ய, அவர் வேலைக்கு வந்தார். அக்கா வீட்டில் இருந்தார். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தவர் அக்கா.

"என்னக்கா, லீவு எப்படி?" என்று நான் வாயைக் கொடுத்துவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வீட்டுல கடிகாரச் சத்தம் கேக்குதுடி," என்றார் அக்கா. மாமா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

மற்ற வார ஓய்வுகளும் அப்படியே போயின, மாதம் எப்படி ஓடியது என்று தெரியவில்லை. அவர் கிளம்ப வேண்டிய நாள் ஒரு பொது விடுமுறை. ஊரே கொண்டாட்டத்தில் இருக்கும் என்பதால் அன்றைக்கு எங்கள் யாருக்கும் லீவு இல்லை என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அக்கா இந்த ஒரு மாதத்தில் முதல் தடவையாக மேனேஜர் முன்னால் போய் நின்றார். ஒரே ஒரு நாள், அவரை அனுப்பிவிட்டு வருகிறேன் என்று கேட்டார். இரண்டு தற்காலிகப் பெண்களும், துண்டு அடுக்குகிறவளும், நானும், எங்களால் ஆன வேலையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்கிறோம் என்றோம். ஆள் நிற்பது பிரச்சினையே இல்லை. அக்காவின் விரலுக்குத்தான் மாற்று இல்லை.

மேனேஜர் கையைப் பிசைந்தார். சுவரைப் பார்த்தார். கடைசியில் எங்களைப் பார்க்காமலேயே சொன்னார், "காலையில விரல் வச்சுட்டுப் பின்பக்கமா போங்க. நான் பார்க்கல. சாப்பாட்டு நேரத்துல மறுபடியும் விரல் வைக்கணும், அதுக்குள்ள வந்துடணும். அதைத் தாண்டினா என் கையில எதுவும் இல்ல."

அந்த மனிதரால் முடிந்தது அவ்வளவுதான். அதற்கே அக்கா கைகூப்பினார்.

அன்று காலையில் அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து விரல் வைத்தார். முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டது. மூட்டை இறக்குகிற பின்வாசல் வழியாக வெளியே போனார். அங்கே மாமா பெட்டியோடு நின்றார். "போயிட்டு வர்றேம்மா," என்று என்னிடம் தலையாட்டினார். விமான நிலையத்துக்குப் போகிற பஸ் டவுன் பஸ் நிலையத்திலிருந்து கிளம்பும். அவரைப் பஸ் ஏற்றிவிட்டு, டிக்கெட்டை எடுத்துக்கொண்டாரா, தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்து, பஸ் கண்ணிலிருந்து மறைகிறவரைக்கும் நின்று கையாட்டிவிட்டு வர வேண்டும் என்பது அக்காவின் ஆசை. போன தடவை அவர் கிளம்பும்போதும் அக்கா லாண்டரியில்தான் இருந்தார். ஒரு மாதம் கேட்டவர் கடைசியில் கேட்டது அந்த அரை நாள்தான்.

நான் அக்காவின் இடத்தில் நின்று யாரோ ஒரு பெண்ணோடு ஷீட் மடித்துக்கொண்டிருந்தேன். வேலையில் மனசு போகவில்லை. சுவர்க் கடிகாரத்தையும் பின்வாசலையும் மாறி மாறிப் பார்த்தேன். சாப்பாட்டு நேரம் நெருங்க நெருங்க நான் மடித்ததெல்லாம் கோணலாகப் போனது. மேனேஜரும் மூன்று தடவை அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசி நேரத்தில் அக்கா ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. புடவையில் வியர்வை, முடி கலைந்திருந்தது. விரலைத் தலையில் தேய்த்து வைத்தார். மெஷின் மறுபடியும் முயலவும் என்றது. மறுபடியும் வைத்தார். எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா முகம் கழுவி, புடவை மாற்றப் போய்விட்டார். வேலை தொடங்கியதும் அக்கா தன் இடத்துக்கு வந்தார், நான் என் இடத்துக்குப் போனேன். முதல் ஷீட் வந்தது. விரித்தோம், உதறினோம், நடந்து வந்தோம்.

"பஸ் நேரத்துக்குக் கிளம்பிச்சாக்கா?"

"தெரியலடி."

பின்னால் போனோம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த ஷீட்டில், "தெரியலன்னா என்னக்கா?" என்று கேட்டேன்.

"பஸ் வரவே இல்ல. லீவு நாள் பாரு, ரோடெல்லாம் நெரிசல்."

அடுத்த ஷீட் வருவதற்கு வழக்கத்தைவிட நேரமாகியது போல இருந்தது.

"அவருதான் மணியைப் பார்த்துப் பார்த்து, உனக்கு நேரமாச்சு, கிளம்பு கிளம்புன்னாரு. நான் மாட்டேன்னேன். கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி, இந்தப் பக்கம் வர்ற பஸ்ல ஏத்தி விட்டுட்டாரு."

நாங்கள் விலகிப் போகவே இல்லை. ரோலரிலிருந்து வந்த ஷீட் தரையில் சரிந்தது.

"ஜன்னல்ல உட்கார்ந்து நான் கையாட்டினேன். அவரு பெட்டியைக் கீழ வச்சுட்டு, என் பஸ் போற வரைக்கும் அங்கேயே நின்னாருடி," என்றார் அக்கா. பிறகு குனிந்து தரையில் கிடந்த ஷீட்டை எடுத்தார். அது அழுக்காகிவிட்டது, மறுபடியும் துவைக்க வேண்டும்.

நான் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. அந்த ஷீட்டை வாங்கி அழுக்கு மூட்டையில் போட்டேன். திட்டுவதற்கு யாராவது ஒரு ஆள் கிடைத்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.